ஒப்பந்த வரைவும் பத்து மதிப்பெண்ணும்

2015 டிசம்பர் 12 மாலை. பாரிஸ் காலநிலை மாநாட்டின் நிறைவு அமர்வு தாமதமாகிக்கொண்டிருந்தது. காரணம் ஒரே ஒரு சொல். வளர்ந்த நாடுகள் உமிழ்வுக் குறைப்பு இலக்குகளை ஏற்று முன்னிற்பதைக் கடமையாக்கும் ‘ஷால்’ என்னும் ஆங்கிலச் சொல் 4ஆம் உறுப்பில் இடம்பெற்றிருந்தது. அது நீடித்தால் ஒப்பந்தம் தன் செனட்டின் ஒப்புதலுக்குச் செல்ல நேரும் என அமெரிக்கா மறுத்தது. இறுதியில் அது ‘ஷுட்’ ஆயிற்று. எழுத்துப் பிழைகளைத் திருத்துவது போல அம்மாற்றம் மேடையில் வாசிக்கப்பட்டது. கடமை அறிவுரையாயிற்று.

இந்த வேறுபாட்டின் எடையைச் சட்ட ஆய்வில் தெளிவுறக் காட்டியவர்களுள் லாவண்யா ராஜாமணி முதன்மையானவர். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, டெல்லி கொள்கை ஆய்வு மையத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். இன்று ஆக்ஸ்ஃபோர்டில் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டப் பேராசிரியர். பாரிஸ் ஒப்பந்தத்துக்கான ஐ.நா. செயலகத்தின் வரைவு, ஆலோசனைக் குழுவிலும் இருந்தவர். அவ்வொப்பந்தத்தின் விதிகளை வன்கடமை, மென்கடமை, கடமையே ஆகாதவை எனப் பகுத்துக் காட்டிய அவரது 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, வரைவு மேசையை அறிந்தவரால் மட்டுமே எழுதக்கூடியது.

இவ்வாழ்வை ‘இந்தியர் ஒருவரின் உலகச் சாதனை’ எனப் பாராட்டி முடித்துவிடுவது எளிது. ஆனால் அவர் உள்நாட்டைப் பற்றி எழுதியது அதனினும் கூர்மையானது. டெல்லி வாகனப் புகை வழக்கு முதலிய பொதுநல வழக்குகளை ஆராய்ந்த அவரது 2007ஆம் ஆண்டுக் கட்டுரை, நீதிமன்றத்தின் பசுமை ஆர்வத்தைக் கண்டு மயங்கவில்லை. அங்கே யாருடைய குரல் எட்டுகிறது, யாருடையது எட்டவில்லை என்று கேட்டது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு எதிரான உரிமையை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் கண்டது. கானமயிலைக் காக்க மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021இல் இட்ட ஆணையைத் தளர்த்திய தீர்ப்பில்தான் அவ்வுரிமை பிறந்தது. 2007ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசித்தவர்களுக்கு இம்முரண் பெரும் வியப்பைத் தந்திராது.

அவ்வுரிமைக்குப் பொருள் எழுதப் பலர் தேவை. நாட்டில் காலநிலைக்கெனத் தனியொரு முழுமையான சட்டம் இன்னும் இல்லாத நிலையில், தீர்ப்புகளையும் அறிவிக்கைகளையும் அரசாணைகளையும் கோத்துப் படிக்கும் உழைப்பே இத்துறையின் அன்றாடம். பல்கலைக்கழகம் அதை எப்படி அளக்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, கலை, சமூக அறிவியல் சார்ந்த துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 மதிப்பெண், ஐ.நா. போன்ற பன்னாட்டு அமைப்புக்கு அளிக்கும் கொள்கை ஆவணத்துக்கும் 10. ஆக, உலக ஒப்பந்தமொன்றுக்கு வரைவு எழுதுவதும் ஒற்றைக் கட்டுரையும் ஒரே விலை. இதையாவது சிரித்துக் கடந்துவிடலாம். பொது விசாரணைக்கு முந்தைய இரவில் ஊராருக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை விளக்கிச் சொல்வதற்கு அந்த ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் இடமே இல்லை என்பதைக் கடப்பது கடினம். 2006 அறிவிக்கையின்படி வட்டார மொழியில் தரப்பட வேண்டியது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். பாதிப்பின் விவரமெல்லாம் அதில்தான் இருக்கும்.

2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தபோது, எட்டாம் அட்டவணை மொழிகளிலும் அதை வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று ஆணையிட்டது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. கருத்துத் தெரிவிக்கும் காலமோ ஆகஸ்ட் 11 அன்று முடிந்தது. இடைப்பட்ட வாரங்களில் அவ்வரைவைத் தத்தம் மொழியில் பெயர்த்தும் விளக்கியும் கொண்டு சேர்த்தவர்கள் சட்ட மாணவர்களும் தன்னார்வலர்களும்தாம். அவர்களுள் எவரேனும் பின்னாளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், அந்தப் பக்கங்களை எந்தத் தலைப்பின்கீழ் இணைப்பார்?