ஆடத் தெரியாதவனுக்கு இன்னொரு பெடல்

சனிக்கிழமை சாயங்காலம். சென்னையில் மணிக்கணக்குக்கு வாடகை வாங்கும் ஒரு ஜாம் ரூம். நாலு பேர் காசு போட்டு இரண்டு மணி நேரம் எடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கல்ச்சுரல்ஸ். மேடைக்கு மூன்று பாட்டு. அதில் ஒன்றுகூட முழுசாக முடிந்தபாடில்லை.

ட்ரம்மர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருக்கிறான். கிடார்க்காரர்கள் இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்கிறீர்களா? பேசுகிறார்கள்.

"மச்சி, இந்த ஓவர்டிரைவ்ல மிட்ஸ் பத்தலடா. அந்தப் பச்சை பெடல் மட்டும் இருந்தா பிச்சு உதறிடலாம்."

"பச்சையா? அதெல்லாம் பழசு. ஜெர்மானியம் டயோடு போட்டு ஒண்ணு வந்திருக்கு. 18,000 தான். ஈஎம்ஐ போட்டுக்கலாம்."

"ஆம்ப் மாத்தாம பெடல் மாத்தி என்னடா பிரயோஜனம்?"

இப்படியே முக்கால் மணி நேரம் போகிறது. மூலையில் ஒரு முதல் வருஷப் பையன். கையில் கல்கத்தாவில் செய்த சாதாரண கிடார். அண்ணன் வாசித்துவிட்டு விட்டுப்போனது. இவர்களோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று வந்தவன். இந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க அவன் கை மெதுவாக உறையின் ஜிப்பை மேலே இழுக்கிறது. அவன் கிடாரை வெளியே எடுக்கவே இல்லை.

எல்லா ஊர் ஜாம் ரூமிலும் நடக்கிற கதைதான் இது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அந்தக் காலத்தில் கூடம் கோணலாக இருந்தது. இந்தக் காலத்தில் 'டோன்' கோணலாக இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வியாதிக்குப் பெயர்கூட உண்டு. ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் ஒரு கிடார் பத்திரிகையில் கிண்டலாக எழுதியது: கிடார் அக்விசிஷன் சிண்ட்ரோம். சுருக்கமாக ஜி.ஏ.எஸ்., அதாவது கியாஸ். கிடார் மேல் கிடாராக வாங்கச் சொல்லும் வியாதி. பிறகு பெடல், ஆம்ப், கேபிள் என்று எல்லாவற்றுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வாயுத் தொல்லைக்கும் இதற்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆனால் பொருத்தம் அபாரம். இரண்டிலும் சத்தம் வரும், சங்கீதம் வராது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். பெடல் வாங்குவது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. 'இது வந்த பிறகு வாசிக்கிறேன்' என்கிறார்களே, அந்த வாக்கியம்தான் பொய். அடுத்த பெடல் என்பது கருவியே இல்லை. பயிற்சிக்கு எழுதிக் கொடுக்கும் லீவ் லெட்டர். கை தடுமாறும் இடத்தில் மெட்ரோனோம் வைத்து அம்பது தடவை வாசிப்பது கஷ்டம். அம்பது டெமோ வீடியோ பார்ப்பது சுகம். இரண்டுமே 'கிடாருக்காகச் செலவழித்த நேரம்' என்ற கணக்கில் வந்துவிடுகிறது. மனசாட்சியும் உறுத்தாது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தேய்மானத்தில் உற்பத்தி அலகு முறை என்று ஒன்று உண்டல்லவா? இயந்திரம் எத்தனை வருஷம் இருந்தது என்று பார்க்காமல் எவ்வளவு வேலை செய்தது என்று பார்ப்பது. அந்த 18,000 ரூபாய் பெடலை வருஷத்தில் 30 மணி நேரம் வாசித்தால் மணிக்கு 600 ரூபாய். 300 மணி நேரம் வாசித்தால் மணிக்கு 60 ரூபாய். ஆக, பெடலின் விலையைக் குறைக்க ஒரே வழி ஆஃபருக்குக் காத்திருப்பது அல்ல, வாசிப்பது. இந்தக் கணக்கைப் பரீட்சையில் போட்டு முழு மார்க் வாங்குகிறவர்களே ஜாம் ரூமுக்குள் வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

பல பேண்டுகளின் இருப்புநிலைக் குறிப்பை எழுதிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். நிலைச் சொத்து கழுத்து வரைக்கும் இருக்கும். நடைமுறை மூலதனம் சைபர். இங்கே நடைமுறை மூலதனம் என்பது சேர்ந்து வாசித்த மணி நேரம்.

அந்தப் 'பச்சை பெடல்' ஐபனீஸ் ட்யூப் ஸ்க்ரீமர். 1970களின் கடைசியில் ஜப்பானில் பிறந்தது. அதன் உள்ளே இருக்கும் 4558 என்ற சில்லுக்கு ஏகப்பட்ட பில்டப்பு. பழைய ஜப்பான் சில்லுதான் வேண்டும் என்று தேடி அலைபவர்கள் உண்டு. அந்த 4558 ஒன்றும் ரகசிய மூலிகை இல்லை. மலிவான ஆடியோ சர்க்யூட்களில் எல்லாம் சர்வசாதாரணமாக இருக்கும் ஆப்-ஆம்ப். சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகம் விற்கும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். டீ, வடைக் காசுக்கு எடுத்துக் கொடுப்பார்.

இன்னொரு கதை க்ளான் சென்டார். பாஸ்டன் பக்கத்தில் பில் ஃபின்னகன் என்பவர் 1994-ல் விற்க ஆரம்பித்த ஓவர்டிரைவ். ஏறத்தாழ 8,000 பெட்டிகள் செய்திருப்பார். யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று சர்க்யூட் மேல் கறுப்பு எபாக்ஸியை ஊற்றி மூடினார். நின்றதா? அதையும் சுரண்டி எடுத்து சர்க்யூட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று அதே சர்க்யூட்டில் மலிவான நகல்கள் கொட்டிக் கிடக்கின்றன. பொருளாதாரப் பாடப்படி பதிலி சந்தைக்கு வந்தால் அசலின் விலை இறங்க வேண்டும். இறங்கவில்லை. பழைய அசல் இன்றும் பல ஆயிரம் டாலருக்குக் கை மாறுகிறது. ஏன்? வாங்குபவர் சத்தத்தை வாங்கவில்லை, கதையை வாங்குகிறார். விலை ஏற ஏற ஆசையும் ஏறும் பொருள்களைப் பற்றி தோர்ஸ்டீன் வெப்ளன் 1899-லேயே எழுதிவிட்டார். அவருக்குப் பெடல் தெரியாது. மனுஷனைத் தெரியும்.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. எடி வான் ஹேலன் குறையுள்ள ஒரு கிடார் உடலை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கி, தானே ஒட்டுப்போட்டு, தானே பெயின்ட் அடித்து ஒரு கிடார் செய்தார். 1978-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் கிடார் உலகத்தையே புரட்டிப்போட்டது. 2007-ல் ஃபெண்டர் நிறுவனம் அந்தக் கிடாரின் கீறல், தழும்பு, சிகரெட் சுட்ட இடம் உட்பட எல்லாவற்றையும் அச்சு அசலாகக் காப்பியடித்து 300 கிடார்கள் செய்தது. ஒன்றின் விலை 25,000 டாலர். 130 டாலரில் ஒருவன் கையில் காசில்லாமல் செய்ததை, காசு இருப்பவர்கள் 25,000 டாலருக்கு வாங்குகிறார்கள். அவன் விரல்கள் மட்டும் பெட்டியில் வரவில்லை.

குயீன் குழுவின் பிரையன் மே இன்னும் ஒரு படி மேல். பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து 1963-ல் வீட்டிலேயே கிடார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். ஸ்பிரிங்குக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அதே குழுவின் ஜான் டீகன் 1972-ல் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி ஆம்ப் செய்தார். மேயின் கிடார் ஆர்கெஸ்ட்ரா மாதிரி ஒலிக்கும் இடங்களில் அந்தக் குப்பை ஆம்புக்கும் பங்கு உண்டு. 'பட்ஜெட் இல்ல மச்சி' என்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

"அப்போ சாமான் முக்கியமே இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முக்கியம்தான். யூ2 குழுவின் எட்ஜ் கையில் டிலே பெடல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளே வேறு மாதிரி இருந்திருக்கும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் இரட்டைத் தந்திகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்தார். கமகம் பேச வேண்டும் என்றால் அந்த மாற்றம் தேவைப்பட்டது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சங்கீதம். பிறகு தடை. அந்தத் தடையை உடைக்கச் சாமான். நம்ம ஜாம் ரூமில் வரிசை தலைகீழ். முதலில் சாமான், பிறகு ஈஎம்ஐ, சங்கீதம் 'பார்க்கலாம்'.

அதோடு கல்ச்சுரல்ஸ் மேடையில் இரண்டு ஓவர்டிரைவுக்கு நடுவில் இருக்கும் அந்த நூலிழை வித்தியாசம் யார் காதில் விழும்? பேஸ் ஒரு பக்கம், சிம்பல் ஒரு பக்கம் எல்லாவற்றையும் மூடும். மைக் முன்னால் பாடகன். கீழே விசில். அங்கே கூட்டத்துக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. தாளம் நின்றதா, விழுந்ததா. தாளம் விழுந்தால் 18,000 ரூபாய் பெடல் அதைத் தூக்கி நிறுத்தாது. இன்னும் சத்தமாக விழவைக்கும்.

செலவழித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. தந்தி உயரம் சரியில்லாமல் விரல் கிழிகிற கிடாரை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து செட்டப் செய்யலாம். துருப்பிடித்த தந்தியை மாற்றலாம். ஒரு நல்ல வாத்தியாரிடம் நாலு மாதம் உட்காரலாம். இதெல்லாம் ஒரு பெடல் விலைக்குள் அடங்கும். அதற்கு மேல் பெடல் வேண்டும் என்றால், எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். பிறகு நண்பனிடம் ஒரு மாதம் இரவல். ஒரு மாதம் கழித்தும் தேவைப்பட்டால் தாராளமாக வாங்கட்டும்.

இவ்வளவு கோபம் எதற்கு, அவனவன் காசு, அவனவன் ஆசை என்று விட்டுவிடலாமே? விடலாம், அந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் பையன் இல்லை என்றால். ஃபெண்டர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது ஆண்டி மூனி வெளிப்படையாகச் சொன்ன விஷயம்: புதிதாகக் கிடார் எடுப்பவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முதல் வருஷத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? புதுப் பெடல் விடவில்லை. 2017-ல் ஃபெண்டர் ப்ளே என்று கிடார் சொல்லிக்கொடுக்கும் சேவையைத் தொடங்கியது. கிடார் விற்பவனுக்கே புரிந்துவிட்டது, கடையில் விற்பது முக்கியமில்லை, வீட்டில் வாசிப்பதுதான் முக்கியம் என்று. வாங்குபவர்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

அந்த 90 பேரில் ஒருவனாக அந்தப் பையன் ஆவதற்குக் கையில் வலி மட்டும் காரணமாக இருக்காது. 'உன்கிட்ட இருக்கிறது கிடாரே இல்ல' என்று யாரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. முக்கால் மணி நேரம் அவன் முன்னால் பிராண்டு பெயர்களை அடுக்கினாலே போதும்.

அடுத்த சனிக்கிழமையும் அதே ரூம்தான். பேச்சை அஞ்சு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு, "தம்பி, அதை வெளியே எடு, ட்யூன் பண்ணு, ஜி கார்டு பிடி" என்று ஒரே ஒருவன் சொன்னால் போதும். அதற்கு ஈஎம்ஐ கிடையாது.

டிஸ்கி: பெடல் வாங்கியவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது வாங்கிவிட்டு வாசிக்காதவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இந்நேரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள், இதைப் படிக்க நேரம் இருக்காது :-)