வெளியாரும் சர்வகலாசாலைப் புத்தகசாலையும்

கீழ்பென்னாத்தூரில் ஆசிரியராயிருக்கும் ஒருவர் தம் ஊரைச் சூழ்ந்த ஏரிகளின் வரலாற்றை எழுதத் தொடங்குகிறாரென்று வைத்துக்கொள்வோம். அவர் கலாசாலையை விட்டுப் பல்லாண்டுகளாயின. கிளை நூலகத்தில் நாளிதழும் நாவலும் கிடைக்கும். பழைய ஜில்லா மானுவல்களும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளும் வேண்டின், அவர் ஒரு சர்வகலாசாலைப் புத்தகசாலையையே நாட வேண்டும். அங்கே வாயிலில் முதற்கண் எழும் வினா, "தாங்கள் அங்கத்தினரா?" என்பதே. அல்லரெனில் அவருக்குரிய விடை யாது? இதுவே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் இவ்விஷயத்தைப் பேசுவோர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதனாரை மறத்தல் இயலாது. சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையின் மாணவராயிருந்து, மாகாணக் கலாசாலையில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த அவர், 1924ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் புத்தகசாலைத் தலைவரானார். கணக்கை விட்டு வந்தவருக்கு அவ்வேலை முதலில் சற்றும் பிடிக்கவில்லையாம்! எனினும் இங்கிலாந்து சென்று அங்குள்ள புத்தகசாலைகளைக் கண்டு 1925இல் மீண்டபின், அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகரே நூலை எடுத்துப் பார்க்கச் செய்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம், நூல் பூட்டி வைப்பதற்கன்று என்பதே. அவரது முயற்சியின் பயனாகவே 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் நம் மக்கள் செலுத்தி வருகின்றனர்.

இக்காலத்தே பூட்டு வேறு வடிவில் வந்துளது. ஆராய்ச்சிப் பத்திரிகைகள் கணினி வாயிலாகவே பெரிதும் வருகின்றன. சந்தா செலுத்திய நிலையத்தாரே அவற்றைக் காணலாம். 2020ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற அறிவியல் கொள்கை வரைவு, ஒரே சந்தாவால் இந்நாட்டார் அனைவரும் பத்திரிகைகளைப் படிக்கும் வழியைக் கருதிற்று. 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட "ஒரு நாடு ஒரு சந்தா" திட்டமோ, மூன்றாண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 பத்திரிகைகளை 6,300 அரசு நிலையங்களுக்கு அளிக்கின்றது. பெருஞ்செயலே, மறுக்கவில்லை. ஆயினும் "அனைவரும்" என்பது "நிலையத்தார்" என்று சுருங்கிற்று. வரி கொடுக்கும் நம் ஏரி ஆசிரியர் வெளியிலேயே நிற்கிறார். ஆராய்ச்சிப் பட்டத்திற்கான நூல்களைத் தாங்கிய "சோத்கங்கா" மட்டும் அவருக்குத் திறந்துளது.

நூல்கள் காணாமற்போம், பரீட்சைக் காலத்தில் மாணவர்க்கு இடமிராது என்பர் சிலர். இவ்வச்சம் வீணன்று. ஆனால் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்குக் காப்புத்தொகை கேட்கலாம். பரீட்சை மாதங்களில் வெளியாரை நிறுத்தியும் வைக்கலாம். புத்தகசாலைக்குள் அமர்ந்து படிப்பதைத் தடுக்க இவை காரணமாகா. கணினிப் பத்திரிகைகளுக்கும், நேரில் வந்து அங்குள்ள கணினியிற் படிப்போரை அனுமதிக்கும் ஷரத்து பல ஒப்பந்தங்களில் உண்டு. அதனைப் படித்துப் பார்ப்பார்தாம் அரியர்.

பிறரைச் சொல்லும் நாம் நமது புத்தகசாலையையும் நோக்கவேண்டும். சனிக்கிழமைகளில் பிற்பகல் முழுதும் நம் வாசக மண்டபத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. பழைய மாணவரும் சுற்றூர் ஆசிரியரும் அவ்வேளையில் வந்து படிக்க, ஒரு கையொப்பப் புத்தகம் மாத்திரம் வைத்து, வரும் ஆண்டு முதல் இடந்தருமாறு புத்தகசாலைக் கமிட்டியாரை வேண்டிக்கொள்ளுகிறோம்.