ஊர்தியே உறைவிடமாய் உழல்வோர்க்கு ஒரு கூரை!

வைகறை இருள் முற்றும் விலகுமுன் அரியலூரைச் சூழ்ந்த ஆலைச் சாலைகளுள் ஏதேனும் ஒன்றில் சிறிது தொலைவு நடந்து பாருங்கள். சாலையின் ஓரத்தே சரக்குந்துகள் அணிவகுத்து நிற்கும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னுள்ள பலகையில் ஒருவர் முடங்கிக் கிடப்பார். வண்டியின் அடியில் சாக்கை விரித்து மற்றொருவர் உறங்குவார். சக்கரத்தின் அருகே சிற்றடுப்பில் உலை கொதிக்கும். பக்கக் கம்பியில் துவைத்த கைலி காயும். நெகிழிக் குடுவையின் நீரில் முகங்கழுவி, அதே நீரில் அரிசியும் களைந்து, முறை வரும்வரை காத்திருப்பர். முறை இன்று வரலாம், நாளையும் வரலாம்.

இவர்களை நாம் ஓட்டுநர் என்கின்றோம். உண்மையில் இவர்கள் அவ்வூர்தியின் குடியினர்! திங்களில் பெரும்பகுதி அவர்கட்கு அவ்வூர்தியே வீடு, அதுவே அடுக்களை, அதுவே பள்ளியறை. நோயுற்றால் அதுவே மருத்துவமனையும் ஆகும்.

சில ஆண்டுகட்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவனிடம் படிவம் ஒன்றை நிரப்பிவரச் சொன்னேன். 'தந்தையின் இருப்பிடம்' என்ற இடத்தை அவன் வெற்றிடமாக விட்டிருந்தான். கரணியம் கேட்டேன். "அப்பா வண்டியிலதான் ஐயா இருக்கார், வண்டி எங்க இருக்குன்னு தெரியாது" என்றான். சின்னாள் கழித்துத் தந்தையே கையெழுத்திடப் பள்ளிக்கு வந்தார். ஆலை வாயிலொன்றில் நான்கு நாள் சுமைக்குக் காத்திருந்து, இடையே இரண்டு மணிநேரம் கேட்டுப் பெற்று வந்தவர். கையெழுத்திட்டபின் தயங்கித் தயங்கி, "ஐயா, இங்குக் குளிக்க ஒரு வாளித் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டார். மகன் பயிலும் பள்ளியில், மகன் காணத் தந்தை தண்ணீருக்கு இரந்து நின்ற அந்நிலையை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை. அம்மாணவன் தலைகுனிந்து நின்றான். குனியவேண்டிய தலை அவனுடையதா?

வண்டியொடு வாழும் வாழ்வு தமிழனுக்குப் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர் நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றிக் காடும் மேடும் கடந்து உள்நாடு சென்றதைக் கழக நூல்கள் பலவும் பேசும். உமணர்தம் மகளிரும் மக்களும் வண்டியொடு வழிச்சென்ற காட்சியைப் பெரும்பாணாற்றுப்படையில் காண்கின்றோம். ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டில், பள்ளமும் மேடும் நிறைந்த வழியில் அச்சு முறிந்தால் ஆகட்டுமென்று உமணர் வண்டியின் கீழ்க் கட்டிச்சென்ற சேமவச்சு உவமையாகின்றது. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வண்டிக்கே மாற்றச்சு வேண்டுமென்று எண்ணிய இனம் நம்மினம். இன்று அவ்வண்டியை ஓட்டுகின்ற மாந்தனுக்கு நாம் வைத்துள்ள சேமவச்சு யாது? அவன் உடல் முறிந்தால், உறக்கம் முறிந்தால், குடும்பம் முறிந்தால் தாங்குவது எது?

சுமந்து செல்வோனுக்கு இளைப்பாற இடந்தருதல் அறமென்று கொண்டதும் இம்மண்ணே. தலைச்சுமையை இறக்கிவைத்து மீண்டும் துணையின்றித் தூக்கிக்கொள்ள வாய்ப்பாக, வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர் நம் முன்னோர். வழிச்செல்வோர் இரவு தங்கச் சாவடிகள் எழுப்பினர். இன்று பெரம்பலூர் வழியே செல்லும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் திருமாந்துறையில் நாம் காண்பது சுங்கச்சாவடி! அற்றைச் சாவடி வழிப்போக்கனுக்கு ஈந்தது. இற்றைச் சாவடி அவனிடம் வாங்குகின்றது. சொல் அப்படியே நிற்க, அறம் மட்டும் இடம்பெயர்ந்து விட்டது.

பைஞ்சுதை என நாம் தனித்தமிழில் வழங்கும் சிமிட்டியின் விளைநிலம் அரியலூர். பல கோடி ஆண்டுகட்கு முன் இந்நிலம் கடலுக்குள் இருந்தது. அக்கடல்வாழ் உயிர்களின் கல்லாகிய எச்சங்களை வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் எச்ச அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணக்கல்லை நம்பியே இங்குத் தனியார் ஆலைகள் பலவும் எழுந்தன. தமிழ்நாட்டரசின் சிமிட்டிக் கழகமும் 1979இல் அரியலூரில் தன் ஆலையைத் தொடங்கியது. 2021இல் 'வலிமை' என்னும் நல்ல தமிழ்ப்பெயரொடு அக்கழகம் புதிய சிமிட்டி ஒன்றையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. சுரங்கத்திலிருந்து கல்லை ஆலைக்குக் கொணர்பவனும் ஓட்டுநன். ஆலைக்கு நிலக்கரி கொணர்பவனும் ஓட்டுநன். அரைத்த சிமிட்டியை ஊரூராய்க் கொண்டு சேர்ப்பவனும் ஓட்டுநன். தமிழ்நாட்டின் எத்துணையோ வீடுகளுக்குச் சிமிட்டி சுமந்தவன் அவன். அவனுக்கோ அன்றிரவு கால் நீட்டிப் படுக்க ஆறடி இடமில்லை! இம்முரணைக் கண்டும் நாணாத குமுகாயம் எதைக் கண்டு நாணும்?

'இவர்கட்கெனச் சட்டம் இல்லையா?' என வினவுவீராயின், உண்டு. ஊர்திப் போக்குவரவுத் தொழிலாளர்க்கென 1961இலேயே சட்டம் இயற்றப்பட்டது. நாளைக்கு எட்டு மணிநேர வேலை என்றும், பணியாளர் இரவில் தங்கநேரும் இடங்களில் ஓய்வறை அமைத்தல் வேண்டுமென்றும் அது விதித்தது. ஆனால் ஐவரும் அவர்க்கு மேற்பட்டோரும் பணிசெய்யும் நிறுவனங்களையே அச்சட்டம் கட்டுப்படுத்தியது. நம் நாட்டிலோ ஒன்றிரண்டு வண்டிகளைக் கடன்பட்டு வாங்கி ஓட்டுவோரே மிகுதி. வலையின் கண் பெரிதாக இருந்தது. மீன்கள் யாவும் சிறியனவாக இருந்தன. அச்சட்டமும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. அறுபதாண்டுகட்கு மேலாக ஏட்டில் வாழ்ந்த ஓய்வறை சாலைக்கு இறங்கி வரவேயில்லை.

நடுவணரசும் ஒன்று செய்துள்ளது. எரிநெய் நிறுவனங்களின் விற்பனை நிலையங்கள் சிலவற்றில் ஓட்டுநர்க்குப் படுக்கையும் குளியலறையும் உணவும் வாய்ந்த கூடங்களை அமைத்துள்ளது. நெடுஞ்சாலைகளில் முதற்கட்டமாக ஆயிரம் கூடங்கள் எழுப்பப்படுமென்று 2024 பிப்பிரவரியில் தலைமையமைச்சரும் அறிவித்தார். செயலைக் குறைகூறோம். ஆயின் எரிநெய் நிலையக் கூடங்கட்கு இட்ட பெயர் 'அப்னா கர்' என்பது! 'நம் வீடு' என்பது அதன் பொருளாம். தன் வீட்டின் பெயரே தனக்கு விளங்காத ஓட்டுநன் அதனை எங்ஙனம் நம் வீடு எனக் கொள்வான்? கல்லக்குடி என்னும் ஊர்ப்பெயரை மீட்க 1953 சூலைத் திங்களில் தண்டவாளத்தில் படுத்துப் போராடிய மண் அரியலூருக்கு அண்மையதே. அம்மண்ணில் எழும் கூடத்துக்கு 'ஓட்டுநர் மனை' என்று பெயரிட்டால் வானம் இடிந்து விழுமா?

புதிதாகச் செய்யப்படும் சரக்குந்துகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டி கட்டாயம் என்னும் விதியும் வந்துள்ளது. நன்று, ஆயினும் குளிரூட்டிய சிறையும் சிறையே. அது வண்டிக்குள் வாழும் வாழ்வைச் சற்றே எளிதாக்கும், வண்டியை வீடாக்கிவிடாது.

இனிச் சொந்த ஊரில் வீடு உண்டா என்று பார்ப்போம். குடிசைகளை அகற்றி 2030க்குள் எட்டு இலக்கம் வீடுகள் கட்டித்தரத் தமிழ்நாட்டரசு 2024இல் ஒரு திட்டம் வகுத்தது. வீடொன்றுக்கு மூன்றரை இலக்கம் உருபா தரப்படுகின்றது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தோர்க்கும் மனை இருப்பின் நான்கு இலக்கம் உருபா வரை கிடைக்கும். சிமிட்டியைக் குழைப்பவனுக்கு வழியுண்டு. அதைச் சுமந்து வந்தவன் வேறொரு வாரியத்தைச் சேர்ந்தவன். அவன் வெளியே நிற்கின்றான். மேலும், மனைப்பட்டா இல்லாதவனுக்குப் பட்டியலில் இடமில்லை. கணக்கெடுக்க வருவோர் வரும் நாளில் அவன் எங்கோ வெளிமாநிலச் சாலையில் இருப்பான். வாடகை வீட்டில் இருக்கும் மனைவிக்கு எந்தத் தாளை எங்கே கொடுப்பதென்று சொல்வாரும் இரார். அலைகின்ற தொழிலைத் தந்துவிட்டு, நிலையாக நின்றால்தான் வீடு என்பது என்ன முறை?

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் வீட்டு வாடகை கட்ட இயலாமல் மகிழுந்துகளிலேயே குடியிருப்போர் உளர். ஊர்தியில் வாழ்வதே குற்றமென்று இலாசு ஏஞ்சலிசு நகராட்சி 1983இல் ஒரு விதி செய்தது. அவ்விதி செல்லாதென்று அந்நாட்டு மேல்முறையீட்டு மன்றம் 2014இல் அடித்துவிட்டது. சாந்தா பார்பரா நகரில் 2004 முதலே வேறு வழி காணப்பட்டது. இரவில் வெறிச்சோடும் நிறுத்திடங்களை அன்னோர் அச்சமின்றித் தங்கத் திறந்துவிட்டு, அங்கிருந்தே அவர்களை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பணி நடைபெறுகின்றது. பிரான்சு நாட்டில் ஐயாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்கள், வண்டிகளில் வாழ்ந்து திரியும் குடிகட்குத் தங்குமிடம் அமைத்தல் வேண்டுமென 2000ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அங்குள்ளோர் நிலையும் நம் ஓட்டுநர் நிலையும் முற்றும் ஒன்றல்ல. ஆயினும் பாடம் ஒன்றே: விரட்டுதல் தீர்வாகாது, பொதுப்பணத்தால் இடந்தருதலே தீர்வு.

நம் மாவட்டங்களிலேயே முன்னோடி இல்லாமலில்லை. ஊர்விட்டு ஊர் திரிந்த நரிக்குறவ மக்கட்குப் பெரம்பலூர்ப் பகுதியில் எறையூரிலும் மலையப்பநகரிலும் குடியிருப்புகள் அமைந்தன. அவர்தம் பிள்ளைகள் இன்று பள்ளிக்கு வருகின்றனர். குறைகள் அங்கும் உண்டு. ஆயினும் அலைவோரைக் குடியமர்த்தல் இயலாது என்பாரின் வாயை அவ்வூர்களே அடைக்கும்.

'பணத்துக்கு எங்கே போவது?' என்பர் ஆள்வோர். அரியலூர்க்கு அவ்வினா பொருந்தாது! கனிம நிலத்துக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலங்கட்கு உண்டென்று உச்ச முறைமன்றத்தின் ஒன்பதின்மர் ஆயம் 2024 சூலை 25 அன்று தீர்ப்பளித்தது. மாநில உரிமைக்குக் கிடைத்த அரிய வெற்றி அது. அதன்வழித் தமிழ்நாட்டரசு இயற்றிய வரிச்சட்டம் 2025 ஏப்பிரல் 4 முதல் நடப்பில் உள்ளது. சுண்ணக்கல் தொன்னுக்கு 160 உருபா வரி. இருபது தொன் ஏற்றிய ஒரு சரக்குந்து சுரங்கத்தைவிட்டு வெளியேறினால் அரசுக்கு 3,200 உருபா! அதில் தொன்னுக்கு ஐந்தே உருபாவை ஒதுக்கினால் சுமையொன்றுக்கு நூறு உருபா சேரும். கல்லைச் சுமந்தவனுக்குக் கல் ஈட்டிய பணத்தில் இப்பங்கும் இல்லையென்றால், அதைக் கொள்ளை என்பதல்லால் வேறென் சொல்வது? இஃதன்றி, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையும் உண்டு. சுரங்கத்தால் தாக்குறும் மக்களின் நலனுக்கென்றே குத்தகையாளர் செலுத்தும் பணம் அது. சுரங்கத் தூசியை இரவும் பகலும் உண்டு அதனுள்ளேயே உறங்குபவனைவிடத் தாக்குற்றவன் யாவன்?

'இது வண்டி உரிமையாளரும் ஆலையாரும் செய்யவேண்டியது. அரசு ஏன் செய்தல் வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். அவர்களும் செய்யட்டும், செய்விக்கட்டும் அரசு. ஆயினும், ஒற்றை வண்டிக்குத் தவணை கட்டும் உரிமையாளனே அதன் ஓட்டுநனாகவும் இருக்கையில் யாரிடம் போய்க் கேட்பது? அன்றியும், உறக்கமிழந்த கண்களொடு அவன் ஓட்டிவரும் வண்டி செல்லும் சாலையில்தான் நம் பிள்ளைகள் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கின்றனர். அவன் உறக்கம் அவன் தனியுடைமையன்று; ஊராரின் உயிர்க்காப்பு. 'அவர்களுள் வெளியூரார், வெளிமாநிலத்தார் உளரே!' என்பதும் ஒரு மறுப்பன்று. நம் நாமக்கல் ஓட்டுநரும் சங்ககிரி ஓட்டுநரும் வடபுலச் சாலைகளில் உறங்குகின்றனர். அங்கே நம்மவர்க்கு நாம் எதை வேண்டுவோமோ, அதனை இங்கே பிறர்க்கு முதலில் செய்துகாட்டுவதே தமிழர் பண்பு.

ஆகலின் நாம் வேண்டுவன மூன்று. அரியலூரிலும் பெரம்பலூர் நெடுஞ்சாலையிலும் படுக்கையும் குளியலறையும் கழிப்பறையும் காவலுடன் கூடிய நிறுத்திடமும் அமைந்த ஓட்டுநர் மனைகளை அரசு எழுப்புக! முதல் மனை அரசே உடைமையாளராக உள்ள ஆலையருகே எழுக! இஃது ஒன்று. ஓட்டுநர் நலவாரியத்தில் பதிந்தோர்க்குச் சொந்த ஊரில் மனையும் வீடும் தருக. அவன் இல்லாத நாளில் அவன் மனைவி தரும் தாளையே அவன் தாளாக ஏற்க! இஃது இரண்டு. இவற்றுக்கெனக் கனிமநில வரியிலிருந்தும் கனிம அறக்கட்டளையிலிருந்தும் குறித்ததொரு பங்கைச் சட்டத்தாலேயே ஒதுக்குக! இது மூன்று.

அன்பரீர்! தூய தமிழில் பேசுவதொடும் எழுதுவதொடும் நம் கடமை முடிந்துவிடாது. மொழி வாழ்வது அதைப் பேசும் மாந்தன் வாழ்வதால். சாலையோரத்தில் தனக்குத்தானே தமிழ்ப்பாட்டு முணுமுணுத்தவாறு சோறு பொங்குகின்றானே, அவனும் தமிழன்னையின் மகனே. உங்கள் ஊர்ச் சாலையில் நிற்கும் சரக்குந்தின் அருகே ஒருநாள் செல்லுங்கள். அவனுடைய ஊரும் பேரும் உசாவுங்கள். வாரியத்தில் பதிந்துள்ளானா எனக் கேளுங்கள். இல்லையேல் பதிய உதவுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று இக்கோரிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

நாளை ஒரு மாணவன் தன் படிவத்தில் தந்தையின் இருப்பிடத்தை வெற்றிடமாக விடாதிருக்கட்டும். தெருப்பெயரும் கதவெண்ணும் எழுதி நிரப்பி, தலைநிமிர்ந்து நம்மிடம் நீட்டட்டும். அதுவரை நாம் ஓயோம்!