பாய்ச்சலும் காலூன்றலும்

சென்ற பருவத்தில் கந்தபுராணத்தின் கடல்பாய் படலத்தை நடத்திக்கொண்டிருந்தோம். நமது காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியதாக மரபு போற்றும் நூல் அது. திருச்செந்தூர்க் கந்தமாதன மலைமேல் வீரவாகுதேவர் பேருருக் கொண்டு நிற்கிறார். மலை பாரம் தாங்காது அழுந்துகிறது. அதன் பின்னரே அவர் வீரமகேந்திரபுரம் நோக்கிப் பாய்கிறார்.

அப்போது ஒரு மாணவர் எழுந்தார். தறிக்குடும்பத்துப் பிள்ளை, கல்லூரியில் நீளம் தாண்டுபவர். "ஐயா, இவர் காற்றில் காலை உதைத்துக்கொண்டே போனாரா?" என்றார். வகுப்பு சிரித்தது. "நீங்கள் உதைப்பதும் முன்னே செல்லத்தானே?" என்று நாமும் சிரித்தபடி சொல்லிவைத்தோம். அது பிழை என்பது பின்னர் படித்தபோதுதான் விளங்கிற்று.

பலகையை விட்டுக் கால் எழும் கணத்திலேயே வேகம், கோணம், உயரம் மூன்றும் முடிவாகிவிடுகின்றன. அதன்பின் உடலின் நிறைமையம் செல்லும் பாதையைக் காலுதைத்து நீட்ட இயலாது. தாண்டும் விசையில் உடல் முன்புறம் கவிழப் பார்க்கிறது. காற்றில் கால்களைச் சுழற்றுவது அக்கவிழ்வை அடக்கவும், இறங்குகையில் பாதங்களை முன்னே நீட்டவுமே. வீரர்கள் நாற்பத்தைந்து பாகையில் எழும்பாமல் ஏறத்தாழ இருபது பாகையில் எழும்புவதும், ஓடிவந்த வேகத்தை இழக்காதிருக்கவே.

காற்றுக்கு அப்படியானால் பங்கே இல்லையா? உண்டு. 2022 ஏப்ரலில் கேரளத்தின் தேஞ்ஞிப்பாலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில், தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். கேரளத்தின் முரளி ஸ்ரீசங்கர் தாண்டியது 8.36 மீட்டர். ஆயினும் தேசியச் சாதனை ஸ்ரீசங்கருக்கே சென்றது. ஆல்ட்ரின் தாண்டியபோது பின்காற்று நொடிக்கு 4.1 மீட்டர், சாதனைக்கான வரம்போ 2 மீட்டர். விதி கடுமையானதே, ஆனால் நியாயமானது. தாண்டுபவர் அந்தரத்தில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. பின்காற்று பெரிதும் உதவுவது ஓடிவரும்போதுதான். காற்றின் கொடையும் தரையில்தான் கிடைக்கிறது! மறு ஆண்டு மார்ச்சில், விதிக்குட்பட்ட காற்றிலேயே 8.42 மீட்டர் தாண்டி, அந்தத் தேசியச் சாதனையை ஆல்ட்ரின் தமதாக்கிக்கொண்டார்.

இதே கணக்கைப் பெரிதாக்கிக் காட்டுவன பனிச்சறுக்குப் பாய்ச்சல்கள். சரிவில் விரைந்து வந்து, விளிம்பிலிருந்து எழும்பி, பலமுறை சுழன்று இறங்குகிறார்கள். சுழற்சி காற்றில் பிறப்பதாக நமக்குத் தோன்றும். அதற்கான கோண உந்தம் விளிம்பை விடும்போதே உடலில் ஏறிவிடுகிறது. அந்தரத்தில் உடலைக் குறுக்கினால் சுழற்சி விரையும், விரித்தால் தளரும், அவ்வளவே. ஆனால் இங்கே வேகமும் மிகுதி, அந்தரத்தில் இருக்கும் நேரமும் மிகுதி. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும்; எதிர்பாராத ஒரு வீச்சு, இறங்கும் இடத்தையே மாற்றிவிடும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் மகளிர் ஸ்னோபோர்டு ஸ்லோப்ஸ்டைல் தகுதிச் சுற்று காற்றால் கைவிடப்பட்டது. மறுநாள் காற்றோடு காற்றாகவே இறுதிப்போட்டி நடத்தப்பட, வீராங்கனைகள் அடுத்தடுத்து விழுந்தனர். தாண்டுகளத்தில் காற்று சாதனையைப் பறிக்கும். பனியில் எலும்பை முறிக்கும். அங்கே போட்டியை நிறுத்துவதே அறம் என்பது நமது துணிபு.

இனி இலக்கியத்துக்கு வருவோம். புராணத்திலேயே விமானவியல் இருக்கிறது என்று மார்தட்டுவோர் ஒருபுறம். வெறும் கட்டுக்கதை என்று தள்ளுவோர் மறுபுறம். இரு சாராரும் பாட்டைப் படிப்பதில்லை என்பதே நம் குறை. கச்சியப்பர் இயற்பியல் எழுதவில்லை. ஆனால் பாய்பவனைப் பாடுமுன் மலை அழுந்துவதைப் பாடினார். கம்பரும் கடல்தாவு படலத்தில் அனுமன் ஊன்றிய மகேந்திர மலை படும் பாட்டை விரிவாகவே பாடினார். தாவுகிறவனுக்கு முதலில் தரை வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டறிந்தவர்கள் அவர்கள். அந்தக் கூர்மையை வியந்தால் போதும். அதற்கு மேல் அறிவியல் பட்டம் சூட்டுவது அவர்களுக்குப் பெருமை சேர்க்காது.

மறுவாரம் வகுப்பில் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். மாணவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் வீட்டுக் கதைதான் ஐயா. பாவு ஓட்டியபிறகு நீளம் கூடாது. ஒழுங்காக நெய்வது மட்டும்தான் நம் கையில்."

அன்று பாடம் கேட்டவர்கள் நாம்தாம்.