முதலில் எழுத்துருவை மாற்றுவோம், பிறகு விண்டோஸை

பூநகரி வாடியடியை அண்டிய ஏதாவது ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் கணினித் திரையைப் பாருங்கள். திரை கொள்ளாமல் கோப்புகள் கிடக்கும். காணி அனுமதிப்பத்திரத்தின் ஸ்கான் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டையின் இரண்டு பக்கங்கள், விசாவுக்கு அனுப்பிய வங்கிக் கூற்று, கடற்றொழிலாளர் சங்கத்தின் கூட்டறிக்கை, காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி ஒரு தாய் எழுதுவித்த மனு. எவரும் இவற்றை அழிப்பதில்லை. அடுத்த மாதம் அதே ஆள் வந்து, அந்தக் கடிதத்தில் திகதியை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்பார். 2008, 2009 இடப்பெயர்வில் கடதாசி எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்த சனம் இது. அந்த ஆவணங்களின் மறுபிரதி வேறெங்கும் இல்லாமல் அந்தக் கடைக் கணினியில் மட்டும் இருப்பது இங்கே அபூர்வமல்ல.

அந்தக் கணினிகளில் ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ் 10. பாடசாலைகளிலும் சங்கங்களிலும் கூட அதுதான். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. மறுநாள் காலையில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. கடிதம் அடித்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் முன்போலவே நடந்தது. அதனாலேயே இந்தத் திகதி இங்கு ஒரு செய்தியாகவே இருக்கவில்லை.

ஆபத்து மெதுவாக வருகிறது. ஒரு பணிசெயல் முறைமையில் ஓட்டை கண்டுபிடிக்கப்படுவது மாதந்தோறும் நடக்கும் காரியம். இதுவரை நிறுவனம் அதை அடைத்து அனுப்பியது. பின்னால் சொல்லும் நீடிப்பைப் பெறாத கணினிக்கு இனி ஓட்டை மட்டும் வரும், அடைப்பு வராது. 2017 மே மாதத்தில் ‘வன்னாக்ரை’ என்ற கப்பத் தீநிரல் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவி, பிரித்தானியாவின் பொது மருத்துவமனைகளையே முடக்கிப் போட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பு அதற்கு இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. அடைப்பு இருந்தும் போடாதவர்களுக்கு நேர்ந்த கதி அது. போட நினைத்தாலும் அடைப்பே இல்லாத நிலையில் இப்போது நாம் நிற்கிறோம். அதோடு, இங்கே தீநிரல் வர இணையம்கூடத் தேவையில்லை. பாடசாலையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து அலுவலகத்துக்கும் ஒரே பென்டிரைவ் போய்வருகிறது. கோப்புறைகளெல்லாம் ஷோட்கட்டாக மாறி நிற்கும் அந்த நோயைப் பார்க்காத கணினி ஆசிரியர் வன்னியில் இருப்பாரா என்பது சந்தேகம்.

விண்டோஸ் 11க்குப் போனால் என்ன என்று கேட்கலாம். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால், மிகச் சில விலக்குகள் தவிர, 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறைக்குக் குறையாதிருக்க வேண்டும். நம்மிடம் உள்ளவை கொழும்பில் பாவித்துக் கழித்தவை, வெளிநாட்டில் ஓர் அலுவலகம் புதிது வாங்கியபோது பழைய மாணவர் சங்கம் கேட்டெடுத்து அனுப்பியவை. மூன்றாம், நான்காம், ஆறாம் தலைமுறைச் செயலிகள். அவற்றில் பழுதில்லை. ஒரு எஸ்எஸ்டி வன்தட்டைப் பூட்டிவிட்டால் கடிதம் அடிக்கவும் கணக்குப் பார்க்கவும் இணையத்தில் விண்ணப்பம் நிரப்பவும் தாராளமாகப் போதும். நன்றாக ஓடும் இயந்திரத்தை ஒரு நிறுவனத்தின் விதி கழிவாக்குகிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய 2022ஐக் கண்ட நாட்டில், புதுக் கணினி வாங்குங்கள் என்பது எளிதாகச் சொல்லும் தீர்வல்ல.

தடைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐப் போட்டுக் கொடுக்கும் கடைகளும் உண்டு. தகுதியில்லாத கணினிக்கு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. மேலும் ஒரு வருடத்துக்கு, 2026 ஒக்டோபர் 13 வரை, விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பை நீடிக்கும் திட்டம் ஒன்றும் வீட்டுப் பாவனையாளருக்கு அறிவிக்கப்பட்டது. முப்பது டொலர், நம் காசில் ஒன்பதாயிரம் ரூபாய் அளவில். அல்லது மைக்ரோசொப்ட் கணக்குத் திறந்து கணினியின் அமைப்புகளை அவர்களின் சேமிப்பகத்தோடு இணைத்தால் இலவசம். அசல் உரிமத்தோடு விண்டோஸ் வைத்திருப்பவர் அதைப் பெற்றுக்கொள்வதில் பிழையில்லை. ஒரு வருட அவகாசமாவது கிடைக்கும். ஆனால் ‘விண்டோஸ் போட்டுத் தரப்படும்’ என்ற அறிவித்தலை நம்பி வாங்கிய கள்ளப் பிரதிக்கு அந்த அவகாசத்தைக் கேட்கும் உரிமையே இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அப்படிப்பட்ட பிரதியை அறிந்தே வணிக இலாபத்துக்குப் பாவிப்பது குற்றம். அந்தச் சட்டம் பூநகரி வரை வருவதில்லை என்பதால் மாணவர் முன்னிலையில் ஆசிரியரே கிராக் போடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. இதைப் பற்றி நாம் பேசாமலே இருந்துவிட்டோம்.

மிஞ்சுவது லினக்ஸ். ஆப்பிள் கணினியின் விலையை இங்கே பேசிப் பயனில்லை. கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் பழைய கணினிகளிலும் ஓடும், ஆனால் அது இணையத்தில் சாய்ந்து நிற்பது. கைபேசி டேட்டாவை நம்பியிருக்கும் முழங்காவிலிலோ கிராஞ்சியிலோ சிக்னல் விழுந்தால் பாதி வேலை விழுந்துவிடும். லினக்ஸ் மின்ட், டெபியன் போன்றவற்றை ஒருமுறை பென்டிரைவில் இறக்கிக்கொண்டால் எத்தனை கணினிக்கும் போடலாம். உரிமக் காசு கிடையாது. நான்கு ஜிபி நினைவகத்தில் எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு பிடிவாதம் பண்ணாமல் ஓடும். ஹொட்ஸ்பொட்டில் இணைத்த மறு நிமிடம் கேளாமல் டேட்டாவைக் குடிக்கும் பழக்கமும் மின்டுக்கு இல்லை. எப்போது இற்றைப்படுத்துவது என்று அது நம்மைக் கேட்கிறது. மாதக் கடைசியில் டேட்டா காட் போடக் காசு எண்ணும் வீட்டில் இது சின்ன விடயமல்ல.

ஆனால் லினக்ஸின் நண்பர்கள் இந்த இடத்தோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் கேடு. கடைக்காரர் ஆர்வத்தோடு போடுவார், மூன்றாம் நாள் திரும்ப விண்டோஸுக்கு வருவார். ஏன் வருகிறார்?

ஒரு காரணம் அச்சுப்பொறி. கனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் அச்சுப்பொறிகளை லினக்ஸில் ஓட வைப்பது தலைவலி. எச்பியின் பெரும்பாலான அச்சுப்பொறிகள் பூட்டியவுடன் ஓடும். இன்னொன்று ஃபொட்டோஷொப். கலியாண அல்பமும் பதாகையும் செய்யும் கடைக்கு அது இல்லாமல் பிழைப்பு இல்லை, அது லினக்ஸுக்கு வருவதும் இல்லை. அப்படிப்பட்ட கடை விண்டோஸிலேயே இருக்கட்டும். அசல் உரிமத்தோடு, புதிய கணினி ஒன்றில். எல்லோரும் மாற வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த இரண்டையும் விடப் பெரிய காரணம் பாமினி. நம்மைக் கட்டி வைத்திருப்பது விண்டோஸ் என்று நினைக்கிறோம். முடிச்சு கிடப்பது எழுத்துருவில்.

பாமினியில் ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். திரையில் தெரிவது அம்மா. கோப்புக்குள் கணினி எழுதி வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. வீட்டு வாசலில் நம் பெயர்ப்பலகை தொங்க, உறுதியில் வேறொருவர் பெயர் இருப்பதைப் போன்ற நிலை. எழுத்துரு உள்ள கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும். அதே வேர்ட் கோப்பை வட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்புங்கள். கைபேசியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரியும். சங்கத்தின் பத்து வருடக் கூட்டறிக்கையில் ‘வலைப்பாடு’ எங்கெங்கே வருகிறது என்று ஒருங்குறியில் (யூனிகோட்டில்) தேடுங்கள், ஒன்றும் அகப்படாது. இணைய விண்ணப்பத்தின் பெட்டிக்குள் வெட்டி ஒட்டுங்கள், ஏற்காது.

பாமினியைப் பழிப்பது என் நோக்கமல்ல. கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில் நம் பத்திரிகையையும் நினைவு மலரையும் அந்தியேட்டிக் கல்வெட்டையும் சுமந்தது அதுதான். ஆனால் ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 முதல் கணினிக்குள்ளேயே தமிழ் வந்துவிட்டது. கால் நூற்றாண்டாகியும் பாமினியிலேயே நிற்கிறோம் என்றால் அதற்குக் காரணம் விரல்களின் பழக்கம். பாமினி முறையில் தட்டி ஒருங்குறியாகப் பெறப் பலர் நம்பியிருக்கும் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற கருவிகள் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. லினக்ஸில் அவை கிடையா. அங்கே எம்17என் என்ற தட்டச்சுத் தொகுதியில் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் ஒலியியல் முறையும் இருக்கின்றன. தட்டச்சு வேலையே சீவியமாக உள்ள ஒரு பிள்ளைக்குக் கை பழகும் வரை வேகம் பாதியாகும். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று உழைப்பவரிடம் அந்த இழப்பை ஏற்கச் சொல்ல யாருக்கும் முகம் வராது. அந்தக் காலத்துக்கு ஈடுகொடுக்கும் ஏற்பாடு இல்லாமல் மாற்றம் நடக்காது.

உலகம் இதை வெவ்வேறு விதமாகக் கண்டிருக்கிறது. ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை பத்தாண்டு பாடுபட்டு 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் அதே சபை விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அரசியல் மாறியது ஒரு காரணம். வெளியே எல்லோரும் வேறு வகைக் கோப்புகளில் எழுத, உள்ளே மட்டும் மாறி நின்றதன் களைப்பு இன்னொன்று. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இப்போது முப்பதாயிரம் கணினிகளை நகர்த்த எடுத்திருக்கும் முயற்சியில் முதலில் மாறியது அலுவலக மென்பொருள்; லிப்ரே ஒஃபிஸுக்குப் போன பிறகே பணிசெயல் முறைமை. முதலில் ஆவணம், பிறகு இயந்திரம் என்ற அந்த வரிசையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் கேரளம் இருக்கிறது. அங்கே அரச பாடசாலைகளில் இரண்டு தசாப்தமாக லினக்ஸ் ஓடுகிறது. கைட் என்ற அரச நிறுவனம் அதற்கென்று ஒரு பதிப்பையே வெளியிடுகிறது. அது வெற்றி பெற்றது ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்ததாலும், பாடநூலே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதப்பட்டதாலும்தான். அந்தப் பாடநூலுக்குத் தமிழ் மொழிமூலப் பதிப்பும் உண்டு. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் பிள்ளைகள் தமிழிலேயே அதைப் படிக்கிறார்கள். நம் ஆசிரியர் புதிதாக எழுதத் தேவையில்லை, எடுத்துப் பார்த்தாலே போதும். இலங்கையும் வெறுங்கையாக நிற்கவில்லை. 2004 கடற்கோளுக்குப் பிறகு நிவாரணப் பணியை ஒழுங்குபடுத்த இந்நாட்டவர் எழுதிய சகானா மென்பொருள் கட்டற்றது, உலகின் பல அனர்த்தங்களில் பயன்பட்டது. ஹந்தானை லினக்ஸும் இங்கேயே உருவானதுதான்.

பாடத்திட்டம் தடையாகும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். சாதாரண தரத்துப் பாஸ்கலும் உயர்தரத்துப் பைதனும் லினக்ஸில் எந்தக் குறையுமின்றி ஓடும். சொல்முறைவழியாக்கத்தையும் விரிதாளையும் லிப்ரே ஒஃபிஸில் படித்த பிள்ளை பரீட்சையில் தோற்கப் போவதில்லை.

ஆகவே என் கோரிக்கை இரண்டு இடங்களுக்கு. பிரதேச செயலகமும் கூட்டுறவுச் சங்கங்களும் இனித் தாம் வெளியிடும் கடிதத்தையும் படிவத்தையும் ஒருங்குறியில் மட்டும் வெளியிடட்டும். பாமினியில் வரும் கோப்பை ஒரு வருடத்துக்கு ஏற்றுவிட்டுப் பிறகு நிறுத்தட்டும். அலுவலகம் மாறினால் கடை தானாக மாறும், ஏனென்றால் கடையில் அடிக்கும் கடிதம் போய்ச் சேருமிடம் அதுதான். புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் கணினி அனுப்பும்போது பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்தக் காசில் ஒரு பகுதியை ஆசிரியர் பயிற்சிக்கும் தட்டச்சுப் பிள்ளைகளின் பழகுகால ஊதியத்துக்கும் ஒதுக்கட்டும். கணினி அறையை முழுக்க மாற்றத் தேவையில்லை. ஐந்து கணினியில் மின்டைப் போட்டு, மிச்சத்தை இணையத்திலிருந்து பிரித்து வைத்தாலே ஆரம்பத்துக்குப் போதும்.

பழைய பாமினிக் கோப்புகள் என்னாவது என்ற கேள்வி வரும். மாற்றித் தரும் இணையத்தளங்கள் நிறைய உண்டு, ஆனால் அந்தத் தாயின் மனுவை முகம் தெரியாத தளமொன்றில் ஒட்ட வேண்டாம். ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற பைதன் தொகுதிக்குள்ளேயே பாமினியை ஒருங்குறியாக்கும் வசதி இருக்கிறது. இணையமில்லாமல், அதே கணினியில் ஓடும். உயர்தரத்தில் பைதன் படிக்கும் மாணவருக்கு அது சில வரி நிரல். சங்கத்தின் கூட்டறிக்கைக் கோப்புறை ஒன்றை எடுத்து, மாற்றி, மூத்த செயலாளரோடு பக்கத்தில் இருந்து பிழை பார்க்கும் ஒரு தவணை வேலையாக இதை எந்தப் பாடசாலையும் கொடுக்கலாம். இந்த வருடமே கொடுக்கலாம்.