மலரில் இல்லாதது பதிவேட்டில் இருக்கிறது

அண்மையில் ஒரு வெள்ளிவிழா மலர் எங்கள் கைக்கு வந்தது. ஊழியத்தில் 25 ஆண்டுகளை நிறைவுசெய்த ஓர் ஆயரின் மலர். பளபளக்கும் அட்டை, பேராயரின் வாழ்த்து, கமிட்டியாரின் வாழ்த்து, நகைக்கடை விளம்பரம். நடுவில் ஆயர் தம் கைப்பட எழுதிய நீண்ட கட்டுரை. ஊழியம், குடும்பம், நட்பு என்று அதற்கு மூன்று பகுதிகள். கர்த்தர் இந்த மூன்றிலும் தம்மை நிறைவாக நடத்தினார் என்று சாட்சி சொல்லியிருக்கிறார்.

இந்த ஆயரை எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். எங்கள் பாட்டி ஒருத்தி சாகக் கிடந்தபோது, நடுராத்திரியில், மழையில் நனைந்தபடி வண்டியில் வந்து கட்டிலருகே முழங்கால் போட்டு ஜெபித்தவர். நல்ல மனிதர். அதனால்தான் எழுதுகிறோம். கெட்டவரைப் பற்றி எழுதுவது சுலபம். நல்லவர் எழுதிய பதினான்கு பக்கத்தில் சாதி என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்கூட இல்லை என்றால், அதைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும்.

ஊழியம்

1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் கரையிறங்கியதிலிருந்து ஆயர் தம் ஊழியத்தின் வேரைத் தொடங்குகிறார். தொடங்கட்டும். ஆனால் அந்த வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நாங்கள் சொல்கிறோம்.

தரங்கம்பாடி மிஷன் 1733இல் தன் முதல் தமிழ்க் குருவுக்குப் பட்டம் கொடுத்தது. அவர் பெயர் ஆரோன், வேளாளர். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பகுதியில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். பறையர். தஞ்சை அரசரின் படையில் வீரராக இருந்தவர். தமிழில் அச்சான சுவிசேஷங்களைத் தானே படித்து மிஷனைத் தேடி வந்தவர். பிறகு ஊர் ஊராக நடந்து சபைகளைக் கட்டியவர். இவரைக் குருவாக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. மிஷனரிகள் தயங்கினார்கள். அவருடைய அறிவில் குறையா? விசுவாசத்தில் குறையா? இரண்டும் இல்லை. ஒரு பறையரின் கையிலிருந்து திருவிருந்தை வாங்க வேண்டுமென்றால், சாதிக் கிறித்தவர்களிடம் திருவிருந்தின் மதிப்பே குறைந்துவிடுமே என்பதுதான் அவர்களுடைய கவலை. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இதற்கு என்ன பொருள், தோழர்களே? அப்பத்தின் புனிதம் ஆண்டவரிடமிருந்து வரவில்லை. அதை எடுத்துக் கொடுக்கும் கையின் சாதியிலிருந்து வந்தது. இந்த மண்ணில் சீர்திருத்தத் திருச்சபையின் குருத்துவம் தொடங்கியபோதே இந்தக் கணக்கும் தொடங்கிவிட்டது.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடவும் அவர்களுக்கு மனம் இருந்தது, சாதியை விட இல்லை. இன்றைக்கும் நம் ஆலயங்களில் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார், சபைக்குள் சாதி வழக்கம் இருக்கத்தான் வேண்டும் என்று வாதாடியவர். அந்தப் பாட்டைப் பாடவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாடும்போது இதையும் தெரிந்து பாடுங்கள்.

இன்றும் தென்மாவட்டச் சபைகளில் ஆயரை ‘ஐயர்’ என்றும் அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்றும் அழைக்கிறார்கள். ஊழியக்காரன் என்றால் வேலைக்காரன் என்று பிரசங்கம் செய்துவிட்டு, அக்ரகாரத்திலிருந்து கடன் வாங்கிய பெயரால் அழைக்கப்படுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

குடும்பம்

இரண்டாம் பகுதியில் ஆயர் தம் மனைவிக்கு நன்றி சொல்கிறார். அந்த அம்மாள் 25 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளி நடத்தியிருக்கிறார், பெண்கள் ஐக்கியத்தைத் தாங்கியிருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டிருக்கிறார். சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது. மலரில் அவருக்கு ஒரு பத்தி. அதையும் ஆயர்தான் எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் எழுதியிருந்தால் வேறொரு கட்டுரை கிடைத்திருக்கும்.

அடுத்து, “சபை முழுவதும் என் குடும்பமே” என்கிறார். இந்த வாக்கியத்தைத்தான் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

நம் ஆலயங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். இந்த இருவரும் இணைவதற்கு நியாயமான தடை ஏதும் யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறார்கள். ஆலயம் அமைதியாக இருக்கிறது. ஏன் அமைதி? தடையை எல்லாம் ஓலைக்கு முன்பே வடிகட்டிவிட்டார்கள். ‘சி.எஸ்.ஐ. நாடார்’, ‘ஆர்.சி. வேளாளர்’, ‘ஆர்.சி. உடையார்’ என்று வரன் விளம்பரத்திலேயே வடிகட்டியாகிவிட்டது. அங்கே சி.எஸ்.ஐ.யும் ஆர்.சி.யும் வெறும் முன்னொட்டு. சாதிதான் பெயர்.

எங்கள் தெருத் தம்பி ஒருவனும், தலைமை ஆலயத்துக்குப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியும் விரும்பினார்கள். இருவரும் ஒரே பாடகர் குழு. ஒரே ஆயரிடம் திடப்படுத்தல் பெற்றவர்கள். எந்த மதத் தடையும் இல்லை, சபைத் தடையும் இல்லை. ஆயரிடம் போனார்கள். “ரெண்டு குடும்பத்துச் சமாதானத்துக்காகக் கொஞ்சம் பொறு தம்பி, ஜெபம் பண்ணுவோம்” என்றார். இரண்டு வருடம் பொறுத்தார்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ‘சபை முழுவதும் என் குடும்பமே’ என்றவருக்கு, அந்தக் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டபோது ஆலயக் கதவைத் திறக்க முடியவில்லை.

சேர்ந்து உண்பது மட்டும் சாதியை ஒழிக்காது, அகமண முறை உடைய வேண்டும் என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். மனு எழுதிய மதத்தை நோக்கி அவர் சொன்னது, மனுவை ஏற்காத மதத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது.

இந்தக் குடும்பத்தில் இருப்பதற்காக நம் குடும்பங்கள் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவ, இசுலாமிய தலித்துகள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தலித்தாகப் பிறந்த ஒரு பாஸ்டர், தம்மைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று புகார் கொடுத்திருந்தார். கிறித்தவராக மாறியவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிக்கிறவனுக்கு அவர் சாதி தெரிகிறது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை. அரசும் நம் ஆயரின் கட்டுரையும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன: கிறித்தவத்தில் சாதி இல்லை!

நட்பு

மூன்றாம் பகுதியில் நண்பர்கள். சட்டமன்ற உறுப்பினர், ஆலை முதலாளி, திருமண்டல அலுவலர்கள். படங்களில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் தெரு வீட்டில் அவர் சாப்பிடும் படம் ஒன்றுகூட இல்லை. கிறிஸ்மஸ் பவனிக்கு வரும்போது ஆரஞ்சுப் பழமும் பாட்டில் சோடாவும் வாங்கிக்கொள்வார். உலையில் வெந்தது எதையும் தொட்டதில்லை. அது அவருடைய வெறுப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் நண்பர்களுக்கு அவர் காட்டும் மரியாதை.

திருச்சபையின் முதல் பெரிய சண்டையே இதைப் பற்றித்தானே! அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து வேண்டியவர்கள் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். தனியாகக் கூப்பிட்டு ‘சமாதானம்’ பேசவில்லை. பந்தியில் செய்த தவறு, சுவிசேஷத்துக்குச் செய்த தவறு என்று பவுலுக்குத் தெரிந்திருந்தது.

பந்தியில் தொடங்குவது கல்லறையில் முடிகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரித்து நின்ற சுவரை நாடறியும். எறையூரில் தேவாலயப் பாதையும் சவ ஊர்வலமும் தனிப் பங்கும் பற்றிய பூசல் 2008இல் கலவரமாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள், எழுந்திருக்கும்போதும் தனித்தனி வாசல் வழியாகத்தான் வருவார்களோ?

வேறு மாதிரியும் ஓர் ஊழியக்காரர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். ‘பரட்டை’ என்று நாம் அழைக்கும் தியோபிலஸ் அப்பாவு ஐயா, மதுரை அரசரடி இறையியல் கல்லூரி ஆசிரியர், 2005இல் மறைந்தவர். கர்நாடக இசையும் ஆங்கில ஞானப்பாட்டும் ஆண்ட ஆராதனைக்குள் கிராமத்து மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். அவருடைய இறையியலின் மையம் ‘ஒரே உலை’. எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே பானையில் பொங்கி, எல்லாரும் ஒன்றாக உண்பதே திருவிருந்து என்றார். ஊழியம், குடும்பம், நட்பு மூன்றும் அந்த ஒரு பானைக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்குப் பதினான்கு பக்கம் தேவைப்படாது.

இரண்டு எதிர்ப்புகள்

“சபைக்குள் சாதியைக் கொண்டுவராதீர்கள்” என்பார்கள். நாங்கள் கொண்டுவரவில்லை. கல்லறைச் சுவருக்குச் செங்கல் சுமந்தது நாங்களாக இருக்கலாம். கட்டச் சொன்னது நாங்கள் இல்லை.

“ஆலயங்கள் தாக்கப்படும் இந்த நேரத்தில் இதைப் பேசலாமா, சங்பரிவாரத்துக்கு ஆயுதம் கொடுக்கிறீர்களே” என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது, இதை ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் தாக்குதல் வரும்போது முதலில் அடி விழுவது தெருவோர ஓலைக் கூரை ஜெபவீட்டின் மேல், அதாவது நம் மேல். அடி வாங்க மட்டும் நாம் ஒரே குடும்பம், பெண் கொடுக்கும்போது வேறு குடும்பமா? அவர்களுக்கு ஆயுதம் கொடுப்பது எங்கள் பேச்சு அல்ல, உங்கள் மௌனம்.

செய்ய வேண்டியது

மலர்களை விடுங்கள். ஒவ்வொரு சேகரத்திலும் திருமணப் பதிவேடு இருக்கிறது, அடக்கப் பதிவேடு இருக்கிறது, கமிட்டிக் கூட்டக் குறிப்பேடு இருக்கிறது. அவைதாம் ஓர் ஆயரின் உண்மையான தன்வரலாறு. அவற்றில் சாதி எழுதியிருக்காது. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் இருக்கும், நமக்கு அது போதும்.

அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, மரியாதையாக, மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். ஐயா, உங்கள் ஊழியக் காலத்தில் நம் தெருவுக்கும் பெரிய தெருவுக்கும் இடையே எத்தனை கல்யாணம் நடத்தி வைத்தீர்கள்? நம் தெருக்காரர் எத்தனை பேர் கமிட்டியில் பொருளாளராக, செயலாளராக இருந்தார்கள்? நம்மவரை அடக்கம் பண்ண எந்த வாசல் வழியாகக் கொண்டுபோனீர்கள்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

நாங்களும் எங்கள் ஆயரிடம் கேட்கப் போகிறோம். அவருக்கு முப்பதாவது ஆண்டு வரும், இன்னொரு மலர் வரும். அதில் எங்கள் தம்பியும் அவன் மனைவியும் ஆலயத்தில் நிற்கும் படம் ஒன்று இருக்க வேண்டும். அவர் மனம் வைத்தால் அடுத்த ஞாயிறே எங்கள் தெருவுக்கு வரலாம். உலை வைக்கிறோம். உட்கார்ந்து சாப்பிடட்டும்.