செட் காலாவதியாகிவிட்டதா?

“செட் பழங்காலத்துக் கருவி, பைத்தானும் நல்ல எடிட்டரும் இருக்கும்போது அதை ஏன் கற்க வேண்டும்?” உரையை வரி வரியாகத் திருத்தும் கட்டளைவரி நிரலான செட் (sed) பற்றி லினக்ஸ் பழக வரும் மாணவர்களிடம் இதை அறிவுரையாகவே சொல்கிறார்கள். இந்த அறிவுரை அவர்களுக்கு நட்டம்தான்.

வயதைக் காரணம் காட்டுவதைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹன் 1970களின் முற்பகுதியில் எழுதிய நிரல் அது. ஆனால் இன்று லினக்ஸில் ஓடுவது பெரும்பாலும் குனு செட் என்னும் கட்டற்ற மென்பொருள், அதன் 4.9 பதிப்பு 2022இல் வெளிவந்தது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலும் செட் உண்டு. பைத்தானே நிறுவப்படாத சின்னஞ்சிறு கன்டெய்னரில்கூட பிஸிபாக்ஸ் என்னும் சிறு கருவித்தொகுப்பு வழியாக அது கிடைக்கும்.

எடிட்டர் போதும் என்பது இதைவிடக் கனமான வாதம். ஒற்றைக் கோப்பில் இரண்டு சொற்களை மாற்றப் போதும்தான். பல ஜிபி அளவுள்ள லாக் கோப்பைத் திறந்து பாருங்கள், பல எடிட்டர்கள் திணறிவிடும். செட் கோப்பை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றுவதில்லை. ஒரு வரியை எடுக்கிறது, கட்டளையைச் செலுத்துகிறது, வெளியே அனுப்புகிறது, அடுத்த வரிக்குப் போகிறது. இதைவிட முக்கியமானது, செய்த திருத்தம் எழுத்தில் நிற்பது. எடிட்டரில் நேற்று என்னென்ன மாற்றினோம் என்பது இன்று மறந்துபோகும். செட் கட்டளையைக் கோப்பாகச் சேமித்து, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) களஞ்சியத்தில் வைக்கலாம், சக ஊழியர் சரிபார்க்கலாம், நாளை ஆயிரம் கோப்புகளில் அப்படியே ஓட்டலாம்.

செட் ஆபத்தானது என்கிறார்களே? இயல்பாக செட் மூலக்கோப்பைத் தொடுவதே இல்லை. விடையைத் திரையில்தான் காட்டும். கோப்பிலேயே மாற்று என்று நாம் ‘ஐ’ (-i) தெரிவைக் கொடுத்தால்தான் மாற்றும். அப்போதும் அதனுடன் ஒரு பின்னொட்டைச் சேர்த்தால் பழைய கோப்பின் நகல் பத்திரமாக இருக்கும். மேக் கணினியில் இந்தத் தெரிவு சற்று வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

செட் கட்டளைகளைப் படிக்கவே முடியாது என்ற புகாரில் பாதி நியாயம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்தால் எந்த மொழியும் அப்படித்தான். வரிக்கொரு கட்டளையாக, குறிப்புரைகளோடு எழுத செட் இடம் தருகிறது. ஜேசன், எக்ஸ்எம்எல் போல ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய தரவுக்கு மட்டும் செட்டை எடுக்காதீர்கள். அங்கே பைத்தானே சரி.

என்னை மிகவும் வருத்துவது, தமிழ் உரைக்கு செட் உதவாது என்ற பேச்சு. அது உதவும் இடம் ஒன்றைப் பாருங்கள். கணினியில் ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று நழுவும். பலர் தட்டச்சு செய்த மின்னூல்களில் இரண்டும் கலந்து கிடந்தால், ஒரே மாற்றுக் கட்டளையில் செட் அவற்றைச் சீராக்கிவிடும். ௧, ௨, ௩ என்றிருக்கும் தமிழ் எண்களை 1, 2, 3 ஆக்கவும், ஒரு பட்டியலின் குறிகளை மற்றொன்றின் குறிகளாக ஒன்றுக்கொன்று மாற்றும் ‘ஒய்’ (y) கட்டளை ஒன்று போதும். இதற்கு மொழிச்சூழல் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் மூன்று பைட்டுகளாக எண்ணி, இரு பட்டியல்களின் நீளமும் ஒத்துவரவில்லை என்று செட் நின்றுவிடும். தமிழுக்கு ஆகாது என்று சிலர் கைவிட்டது இந்த இடத்தில்தான். சரிசெய்ய வேண்டியது சூழல் மாறியில் ஒரு வரி.